அப்பாவும் மகளும் மூஸ் வேட்டைக்கு: ஒன்ராறியோவில் முதல்முறை போகிறவர்களுக்கு

நானும் மகளும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே மூஸ் வேட்டைக்குப் போகத் தொடங்கி ஏழு வருஷம். இந்த ஏழு வருஷத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தது இரண்டு மூஸ். கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் யாராவது "நாங்களும் பிள்ளையோடு போகலாமா" என்று கேட்கும்போது அவர்கள் மனதில் இருப்பது ஒரு நீண்ட வார இறுதி, ஒரு வெடி, ஃப்ரீசர் நிறைய இறைச்சி. உண்மையில் இது ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிற வேலை, அதில் துவக்கைத் தூக்கும் நேரம் சில விநாடிகள்தான். மிச்சம் எல்லாம் படிப்பு, காத்திருப்பு, நடை, சுமை. அதைத் தெரிந்துகொண்டு வந்தால் இதைப் போல இன்னொன்று கிடையாது.

மூஸைப் பார்க்காதவர்களுக்கு: மான் குடும்பத்திலேயே பெரியது இதுதான். வன்னிக் காட்டில் மரை பார்த்தவர்கள் அதைப் போல இரண்டு மடங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் 450 முதல் 600 கிலோ வரை இருக்கும், தோளே கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம். பெயர் வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஒஜிப்வே மொழியில் இன்றும் அதற்கு மூஸ் என்றுதான் பெயர்.

எங்கள் வீட்டில் இதைத் தொடங்கியது நான் இல்லை, மகள். தண்டர் பேயில் படிக்கப் போன இடத்தில் கூட்டாளிகளோடு பழகி, லைசென்ஸ் எடுத்து, ஒரு நத்தாருக்கு வீட்டுக்கு வந்தபோது "அப்பா, அடுத்த வருஷம் நீங்களும் வாங்கோ" என்றாள். ஆகவே வழக்கமாகத் தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எங்களிடம் தலைகீழாக நடந்தது. அதனால் நான் கற்றுக்கொண்டவை அதிகம்.

முதலில் உட்கார்ந்து கதையுங்கள்

துவக்கு வாங்குவதற்கு முன், படிவம் நிரப்புவதற்கு முன், இரண்டு பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து மூன்று விஷயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்த வழிகாட்டி எதுவும் இதை முதலில் வைப்பதில்லை. எனக்கு இதுதான் முதல் படி.

ஒன்று, யார் சுடுவது. காட்டுக்குள் மூஸ் வந்து நிற்கும்போது "நீ சுடு, இல்லை நீங்கள் சுடுங்கள்" என்று கண்ணால் பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. நாங்கள் ஒரு நாள் அவள், ஒரு நாள் நான் என்று மாற்றிக்கொள்கிறோம். அன்று சுடாதவர் கூப்பிடுவார்.

இரண்டு, யாருடைய "வேண்டாம்" செல்லும். எங்கள் பதில்: இரண்டு பேரில் யார் சொன்னாலும் செல்லும், காரணம் கேட்கக் கூடாது. தூரம் கூட, வெளிச்சம் குறைவு, பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, மனம் ஒப்பவில்லை, எதுவாக இருந்தாலும் சரி. நம் குடும்பங்களில் அப்பா அம்மா சொல்வதுதான் கடைசி என்று ஒரு பழக்கம் உண்டு, பிள்ளைக்கு முப்பது வயதானாலும் அது போகாது. காட்டில் அந்தப் பழக்கம் ஆபத்து. மகன் "அப்பா, அங்கே ஏதோ ஆரஞ்சு நிறம் தெரிகிறது" என்று சொல்லத் தயங்குகிற ஒரு விநாடி போதும்.

மூன்றாவது எங்களைப் போல யுத்தத்துக்குள்ளிருந்து வந்தவர்களுக்கு. துவக்கு என்றால் எங்களுக்கு வேறு நினைவு. முதல் நாள் பயிற்சித் திடலில் பக்கத்து மேசைக்காரர் சுட்ட சத்தத்தில் எனக்குக் கை வியர்த்துவிட்டது, எழுந்து வெளியே போய் வாகனத்தில் இருந்தேன். மகளுக்கு அதுவரை இதைச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அரை மணி நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆள் குறைந்த வார நாட்களில் போனோம், முதலில் .22 சின்னத் துவக்கில் பழகினேன், நாலைந்து மாதத்தில் சரியாகிவிட்டது. சரியாகாவிட்டாலும் குற்றமில்லை. கூப்பிடுவது, தடம் பார்ப்பது, இறைச்சி வெட்டுவது, சுமப்பது எல்லாம் வேட்டைதான். துவக்கைத் தொடாமலே நல்ல வேட்டைத் துணையாக இருக்கலாம்.

படிப்பும் பத்திரமும்

இரண்டு தனித்தனி விஷயங்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். துவக்கு வைத்திருப்பதற்கான லைசென்ஸ் மத்திய அரசுடையது. வேட்டையாடும் தகுதி மாகாணத்துடையது. இரண்டும் வேண்டும்.

துவக்கு லைசென்ஸுக்குக் கனடியத் துவக்குப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்து, எழுத்திலும் கையாளுதலிலும் 80 சதவீதம் வாங்க வேண்டும். அதன் பிறகு மத்திய காவல்துறையான ஆர்.சி.எம்.பி.க்கு விண்ணப்பம். உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் பெயர் கேட்பார்கள், துணைவரையும் கேட்பார்கள். முதல்முறை எடுப்பவர்களுக்குக் குறைந்தது 28 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு, நடைமுறையில் அதைவிடக் கூட ஆகும். வேட்டைக்கு மாகாணத்தின் வேட்டைக் கல்விப் பயிற்சி, அது முடிந்து அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டை, அப்புறம் அந்த ஆண்டுக்கான மூஸ் லைசென்ஸ். பல பயிற்றுநர்கள் இரண்டு பயிற்சியையும் ஒரே வார இறுதியில் சேர்த்து நடத்துகிறார்கள். பெற்றோரும் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்காருவது நல்லது. எது சொல்லப்பட்டது என்று பிறகு வாக்குவாதம் வராது. ஆங்கிலம் கஷ்டம் என்று பயப்படும் அம்மா அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: புத்தகத்தை முன்கூட்டியே வாங்கி, பிள்ளையோடு இரண்டு கிழமை இரவில் படித்தால் போதும். கேள்விகள் பெரும்பாலும் பாதுகாப்பைப் பற்றித்தான், தந்திரமாக ஒன்றும் இல்லை.

குடியுரிமை தேவையில்லை. ஒன்ராறியோவில் வசிப்பவர் என்ற தகுதிக்குக் கடந்த 12 மாதத்தில் தொடர்ந்து ஆறு மாதமாவது இங்கே இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டாக் கிடைப்பது

லைசென்ஸ் இருந்தாலும் டாக் இல்லாமல் மூஸைச் சுட முடியாது. டாக் என்பது ஒரு குறிப்பிட்ட வனவிலங்குப் பிரிவில் (வேட்டைக்காக மாகாணம் பிரித்து வைத்திருக்கும் நிலப்பகுதி), குறிப்பிட்ட பருவத்தில், குறிப்பிட்ட வகை மூஸ் ஒன்றுக்கான சீட்டு. 2021இலிருந்து இது புள்ளி முறையில் நடக்கிறது. வசந்தத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு புள்ளி சேரும், புள்ளி கூடியவருக்கு முதலில் கிடைக்கும், டாக்கை எடுத்துக்கொண்டதும் புள்ளி பூச்சியம். அந்த ஆண்டு கொண்டுவந்த கட்டணப்படி விண்ணப்பத்துக்கு 15 டொலர், லைசென்ஸுக்கு 35, ஆண் டாக் 200, பெண் அல்லது கன்றுக்கான டாக் 150, கன்று மட்டும் 30.

இங்கேதான் இரண்டு பேராகப் போவதன் லாபம். ஒன்ராறியோவில் குழு வேட்டைக்கு அனுமதி உண்டு. இருவரிடமும் மூஸ் லைசென்ஸ் இருந்து, டாக் வைத்திருப்பவர் கூடவே வேட்டையாடி, சுடுபவர் அவரிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்து, உடனுக்குடன் தொடர்புகொள்ள முடிந்தால், ஒருவருடைய டாக்கில் மற்றவர் சுடலாம். ஆகவே இருவரும் வருஷா வருஷம் விண்ணப்பியுங்கள், ஆனால் இரண்டு டாக்கையும் ஒரே வருஷத்தில் எடுக்காதீர்கள். ஒரு வருஷம் அம்மாவுடையது, நாலு வருஷம் கழித்து மகனுடையது என்று முறை வைத்தால் இடைவெளி பாதியாகும். எங்களுடைய முதல் மூஸ் என் டாக்கில் மகள் சுட்டது. இரண்டாவது அவள் டாக்கில் நான் சுட்டது. அப்படி அமைந்தது தற்செயல், ஆனால் எங்கள் இருவருக்கும் அதில் ஒரு சந்தோஷம்.

பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது டாக் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், ஓட்டத் தூரத்தையும் பாருங்கள். ஹேர்ஸ்ட் தன்னைக் கனடாவின் மூஸ் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிற ஊர். ரொறன்ரோவிலிருந்து 11ஆம் நெடுஞ்சாலை வழியாக 900 கிலோமீட்டருக்கு மேல். திரும்பி வரும்போது பின்னால் இருநூறு கிலோ இறைச்சி இருக்கும், இரண்டு பேரும் களைத்திருப்பீர்கள், இரவில் அந்தச் சாலையில் உயிருள்ள மூஸ் குறுக்கே வரும். திரும்பும் பயணத்துக்கு ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள். அந்தப் பகுதி, பழங்குடி மக்களோடு அரசு 1905இல் செய்யத் தொடங்கிய ஒன்பதாம் ஒப்பந்தத்தின் நிலம். க்ரீ, ஒஜிப்வே குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடுகின்றன, அது அவர்களுடைய உரிமை. யாராவது ஏற்கெனவே இருக்கும் ஏரிக்கரையில் போய்க் கூடாரம் அடிக்காதீர்கள், வேறு இடம் இருக்கிறது.

துவக்கும் பழக்கமும்

கடைக்காரர் பெரிய மேக்னம், அதாவது சக்தி கூடிய துவக்கு ஒன்றைக் காட்டுவார். தேவையில்லை. .308 அல்லது .30-06 போல்ட் ரைபிள், 165 முதல் 180 கிரெய்ன் வேட்டைக் குண்டு, மூஸுக்கு அது தாராளம். தோளை உதைக்கிற துவக்கைப் பார்த்துப் பயந்து கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் அதை மாற்றுவது கஷ்டம். முடிந்தால் ஆளுக்கொன்று வாங்குங்கள். உயரமான மகனுக்குப் பொருந்தும் கட்டை சின்ன உருவமுள்ள அம்மாவுக்குப் பொருந்தாது, சுடும்போது துவக்கின் மேலுள்ள கண்ணாடியின் விளிம்பு புருவத்தில் வெட்டும்.

மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுடுவது துவக்கைச் சரிபார்க்க மட்டும். பிறகு மேசையை விட்டு எழும்புங்கள். முழங்காலில், நிலத்தில் உட்கார்ந்து, தாங்குகோல் வைத்து, வேட்டைக்குப் போடும் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டே பழகுங்கள். நூறு மீட்டரில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குள் ஐந்துக்கு ஐந்து விழும்வரை போகாதீர்கள். எந்தத் தூரத்தில் அது தவறத் தொடங்குகிறதோ அதற்கு மேல் நீங்கள் சுடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் அந்தத் தூரம் வேறு. என்னுடையது 120 மீட்டர், மகளுடையது 180. இதை இருவரும் வாய்விட்டுச் சொல்லி வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டங்களில் தினமும் கையில் இருக்க வேண்டியவை: சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்வரைதான் வேட்டை, மற்ற நேரம் துவக்கு உறைக்குள். வாகனத்தில் குண்டு ஏற்றிய துவக்கு கூடவே கூடாது. துவக்குப் பருவத்தில் இடுப்புக்கு மேல் குறைந்தது 2,580 சதுர சென்டிமீட்டர் ஆரஞ்சு, தலையிலும் ஆரஞ்சு. மூஸுக்கு அந்த நிறம் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது, ஆகவே கூச்சப்படாமல் போடுங்கள். ஒவ்வொரு வருஷமும் மாகாணம் வெளியிடும் வேட்டை விதிச் சுருக்கத்தைப் புதிதாகப் படியுங்கள், போன வருஷத்து நினைவில் போகாதீர்கள்.

எங்கே தேடுவது

மூஸ் நடுக்காட்டில் நிற்கும் என்று நினைத்து நாங்கள் முதல் வருஷம் அடர்ந்த ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் நாலு நாள் அலைந்தோம், ஒரு தடமும் இல்லை. அதற்குத் தின்ன இளசு வேண்டும். மரம் வெட்டி ஐந்து முதல் பதினைந்து வருஷமான வெளிகள், அதில் முளைத்த வில்லோ, பேர்ச், பாப்லர், ஏரியின் சேற்று ஓரம், பீவர் அணை கட்டிய ஓடை. தடம் ஒரு கையளவு நீளம், முன்பக்கம் கூர்ந்து பிளந்திருக்கும். புதுத் தடத்தின் விளிம்பு வெட்டியதுபோல் இருக்கும், பழையதில் மண் உதிர்ந்து மழுங்கியிருக்கும். செப்டம்பர் கடைசியில் ஆண்கள் முன்னங்காலால் குழி தோண்டி அதில் சிறுநீர் கழித்துப் புரளும். அந்த நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. அப்படி ஒரு குழி கண்டால் அந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பி வாருங்கள்.

இணை சேரும் காலம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் பாதிவரை. கூப்பிட்டு வரவழைப்பது அப்போதுதான் பலிக்கும். உங்கள் பிரிவில் துவக்குப் பருவம் அதற்குப் பிறகு தொடங்கினால், தின்னும் இடங்களில் காலையும் பின்னேரமும் அசையாமல் இருந்து பார்ப்பதுதான் வழி.

கூப்பிடுவது

இது இரண்டு பேருக்கான வேலை. தனியாகச் செய்வது கஷ்டம், ஏன் என்று சொல்கிறேன். மூஸுக்குப் பார்வை மந்தம், ஆனால் காதும் மூக்கும் பயங்கரம். பெண்ணின் குரலைக் கேட்டு வரும் ஆண் நேராக வராது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து முகர்ந்து பார்க்கும். கூப்பிடுகிறவரே சுடுகிறவராக இருந்தால், அதன் கண் காது எல்லாம் அவர் மேல் இருக்கும், கடைசியில் வாசனையும் பிடித்துவிடும். ஆகவே ஒருவர் கூப்பிட, மற்றவர் காற்று போகும் பக்கமாக ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மூஸ் கூப்பிடுபவரைத் தேடிச் சுற்றி வரும் வழியில் சுடுபவரின் முன்னால் கடக்கும்.

இருட்டிலேயே போய் உட்காருங்கள். சின்னப் போத்தலில் டல்கம் பவுடர் வைத்துக்கொண்டு ஒரு சிட்டிகை ஊதிவிட்டால் காற்று தெரியும். குளிர்ந்த காலையில் காற்று சரிவிலிருந்து கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே ஏறும். ஒன்பது மணிக்கு மேல் மறுபடி பாருங்கள். கூப்பிடுபவர் முதுகுக்கு ஒரு பெரிய மரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். சுடுபவர், கூப்பிடுபவர் இருக்கும் பக்கம் எது என்று இரண்டு மரத்தை அடையாளம் வைத்து, அந்த இரண்டு மரத்துக்கும் நடுவே எது வந்து நின்றாலும் துவக்கைத் திருப்புவதில்லை என்று முடிவுசெய்துகொள்ள வேண்டும். உட்கார்ந்தபின் யாரும் இடம் மாறக் கூடாது. மாற வேண்டுமென்றால் முதலில் வோக்கி-டோக்கியில் சொல்ல வேண்டும், பதில் வராமல் எழும்பக் கூடாது. ஆளை ஆள் பார்க்க முடியாத இடமென்றால் அந்த இடமே வேண்டாம்.

குரல் எப்படி என்றால், மூக்கடைத்தவர் "ஊஊஆஆ" என்று முனகுவதுபோல், மூன்று நாலு விநாடி, நடுவில் ஏறிக் கடைசியில் இறங்கும். பேர்ச் பட்டையைச் சுருட்டிச் செய்த குழல் இருந்தால் சத்தம் தூரம் போகும். இல்லாவிட்டால் இரண்டு கையையும் குவித்தாலே போதும். முதலில் மெதுவாக, பக்கத்திலேயே ஒன்று நின்றால் ஓடாதபடி. இருபது நிமிஷம் கழித்துக் கொஞ்சம் பலமாக. இடையில் காய்ந்த கொம்பால் புதரை உரசலாம், ஏரிக்கரையானால் வாளித் தண்ணீரை மேலேயிருந்து மெல்ல ஊற்றலாம், பெண் மூஸ் தண்ணீரில் நிற்பதுபோல் கேட்கும். ஓர் இடத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் இருங்கள். ஆண் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்து கேட்டு, தன் பாட்டுக்கு நின்று நின்று வரும்.

எங்கள் முதல் மூஸ் வந்த காலை உறைபனி. நான்தான் கூப்பிட்டேன். ஒன்றேகால் மணி நேரம் ஒரு அசுமாத்தமும் இல்லை, என் கால்விரல் விறைத்துவிட்டது, எழும்பலாம் என்று மகளைப் பார்த்தேன். அவள் கையை மெல்ல நிலத்தை நோக்கி அமர்த்திக் காட்டினாள், இருங்கோ என்று. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அரை நிமிஷம் கழித்து ஆல்டர் புதருக்குள் டொக் என்று ஒரு சத்தம், கட்டையில் கட்டை தட்டுவதுபோல், கொம்பு மரத்தில் படுகிற சத்தம். அப்புறம் "உக்... உக்" என்று தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சுள்ளியைக்கூட முறிக்காமல் வந்து புதரின் விளிம்பில் நின்றது, தாடியில் பனி வெள்ளையாக ஒட்டியிருந்தது, மூச்சு புகையாகப் போனது. மகள் சுடவில்லை. அது நேரே முகம் காட்டி நின்றது. நான் மனதுக்குள் சுடு சுடு என்று கத்துகிறேன், அவள் அசையவில்லை. நாலடி வைத்துப் பக்கவாட்டில் திரும்பிய பிறகுதான் வெடி கேட்டது.

சுடும்போதும் சுட்ட பிறகும்

டாக்குக்குப் பொருந்துகிற மூஸ்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். கொம்பு தெரிந்தால் ஆண். கொம்பு தெரியாவிட்டால் உடனே பெண் என்று முடிவுகட்டாதீர்கள். பெண்ணுக்கு வாலின் கீழே வெள்ளைத் திட்டு உண்டு, முகம் பழுப்பு. ஆணின் முகம் கருமை. கன்றின் முகம் குட்டை. இதையெல்லாம் தனித் தொலைநோக்கியால் பாருங்கள், துவக்கின் மேலுள்ள கண்ணாடியைப் பாவிக்காதீர்கள். அங்கே நிற்பது மனிதராக இருந்தால் துவக்கை மனிதர் மேல் நீட்டியதாகிவிடும்.

பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். அங்கே நுரையீரலும் இருதயமும். தலைக்கும் கழுத்துக்கும் குறி வைக்காதீர்கள். சரியாகப் பட்டாலும் மூஸ் பல நேரம் உடனே விழாது, ஒன்றும் நடக்காததுபோல் நின்றுகொண்டிருக்கும். அது விழும்வரை மறுபடி சுடுங்கள். தண்ணீரில் நிற்கும் மூஸை விட்டுவிடுங்கள், கரை ஏறட்டும். 500 கிலோவை இடுப்பளவு குளிர்த் தண்ணீரில் வைத்து இரண்டு பேரால் ஒன்றும் செய்ய முடியாது.

காட்டுக்குள் போய் மறைந்தால் எங்கே நின்றது என்று துணி கட்டிவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். உடனே துரத்தினால் அது இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடும். பிறகு ஒருவர் இரத்தத்தடம் பார்க்க, மற்றவர் முன்னால் பார்த்தபடி நடக்க வேண்டும். விழுந்துகிடப்பதை முதுகுப் பக்கமாக அணுகி நீண்ட கம்பால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசையாவிட்டால் துவக்கிலிருந்து குண்டை எடுத்துவிட்டு, அங்கேயே, அதை அசைப்பதற்கு முன், டாக்கில் நாளும் நேரமும் வெட்டிக் குறியுங்கள்.

மகள் அதன் பக்கத்தில் முழங்காலில் இருந்து கழுத்தைத் தடவிக்கொண்டு அழுதாள். நானும் பக்கத்தில் நின்றேன். அந்த ஐந்து நிமிஷத்தை அவசரப்படுத்தாதீர்கள்.

வெட்டுவதும் சுமப்பதும்

இனித்தான் வேலை. மூஸின் தோல் தடிப்பு, உரோமத்துக்குள் காற்று, பனி நாளில்கூட உள்ளே சூடு இறங்காது. இறைச்சி கெட்டுப்போவது குளிர் போதாமல்தான், ஆகவே முதல் வேலை தோலை உரிப்பது. வயிற்றைத் திறக்காமல் ஒரு பக்கத்தை முழுதாக முடித்து மறுபக்கம் புரட்டும் முறை இரண்டு பேருக்கு வசதி. முதுகெலும்பு வழியாகத் தோலைக் கீறி வயிற்றை நோக்கி உரியுங்கள். முன்னங்கால் எலும்பு மூட்டில்லாமல் தசையால்தான் ஒட்டியிருக்கிறது, தூக்கிப் பிடித்துக்கொண்டு அறுத்தால் கழன்று வரும். பின்னங்காலுக்கு இடுப்புக் குண்டு மூட்டைத் தேட வேண்டும். ஒருவர் காலைத் தூக்கி இழுத்துப் பிடிக்க மற்றவர் வெட்ட வேண்டும், இந்த இடத்தில்தான் கத்திக் காயம் வருகிறது, பிடிக்கிறவரின் கை வெட்டும் பாதையில் இருக்கக் கூடாது. முதுகுத் தசை, கழுத்து, விலா, உள்தசை எல்லாம் எடுத்த பிறகு கயிறு கட்டிப் புரட்டி மறுபக்கம். முதல்முறை எங்களுக்கு நாலரை மணி நேரம் எடுத்தது.

கொண்டுபோக வேண்டியவை: இரண்டு கத்தி, தீட்டும் கல், எலும்பு வாள், கயிறு, தார்ப்பாய், காற்றுப் போகும் பருத்தி இறைச்சிப் பைகள் எட்டு, தலைவிளக்கு, ரப்பர் கையுறை. பிளாஸ்டிக் பையில் சூட்டோடு போட்டால் இறைச்சி புளித்துவிடும், ஒருபோதும் வேண்டாம். ஆணா பெண்ணா என்று காட்டும் பாகம் இறைச்சியோடு இருக்க வேண்டும் என்று சட்டம். எந்தப் பாகம் என்பதை விதிச் சுருக்கத்தில் பார்த்து வைத்துக்கொண்டு வெட்டத் தொடங்குங்கள்.

பெரிய ஆணின் ஒரு பின்னங்கால் எலும்போடு ஐம்பது கிலோவைத் தாண்டும். சாலையிலிருந்தோ படகிலிருந்தோ ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போய்ச் சுடுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்படியிருந்தும் அன்று இரண்டு பேரும் மறுநாள் மத்தியானம்வரை மாறி மாறிச் சுமந்தோம். இரவில் இறைச்சியை உடலிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, மரக்கட்டை மேல் காற்றுப்பட வைத்தோம். குடல் கிடக்கும் இடத்துக்குக் கருங்கரடி வரும், விடிந்து திரும்பும்போது பேசிக்கொண்டே போங்கள், கரடி ஸ்ப்ரே கையில் இருக்கட்டும்.

ஐம்பது தாண்டிய பெற்றோருக்கு

இதைச் சொல்லாமல் விட்டால் பிழை. நம் ஆட்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாதவர் குறைவு. போகும் முன் டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள், முப்பது கிலோ சுமந்து காட்டில் நடக்கலாமா என்று அப்படியே கேளுங்கள். இன்சுலின் உறைந்தால் பிறகு வேலை செய்யாது, அதைப் பையில் வைக்காமல் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். இனிப்பு ஒன்று இரண்டு பேருடைய பையிலும் இருக்க வேண்டும். என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று பிள்ளைக்கு எழுதிக் கொடுங்கள். பருத்தி உடுப்பு வேண்டாம், நனைந்தால் குளிரை உள்ளே இழுக்கும், கம்பளிதான். அங்கே ஃபோன் எடுக்காது, செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். வீட்டில் இருப்பவரிடம் எந்தப் பாதை, எந்த ஏரி, என்றைக்குத் திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சுமையை வயதுக்கேற்பப் பிரிப்பதில் வெட்கம் வேண்டாம். இரண்டாவது மூஸின்போது மகள் ஐந்து நடை, நான் மூன்று. அவள் போய் வருவதற்குள் நான் நெருப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒன்று முதல் நாலு பாகை குளிரில் ஐந்தாறு நாள் தொங்கவிட முடிந்தால் இறைச்சி மென்மையாகும். காட்டிறைச்சி எடுக்கும் கசாப்புக் கடையைப் பருவத்துக்கு முன்பே பேசி வைக்க வேண்டும், அக்டோபரில் இடம் கிடைக்காது. ஈரலும் சிறுநீரகமும் வேண்டாம். நமக்கு ஈரல் என்றால் உயிர், ஆனால் மூஸின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் காட்மியம் சேர்கிறது என்பதால் உண்ண வேண்டாம் என்று மாகாணமே சொல்கிறது.

கொழுப்பில்லாத இறைச்சி, ஆட்டிறைச்சிபோல் நினைத்துச் சமைத்தால் நார்நாராகும். கால் தசையை யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு மெல்லிய நெருப்பில் மூன்று மணி நேரம் விட வேண்டும், தேங்காய்ப்பால் கடைசியில். முதுகுத் தசையை மிளகும் உப்பும் தடவிச் சூட்டுச் சட்டியில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நிமிஷம், அதற்கு மேல் ஒன்றும் செய்யாதீர்கள். என் அம்மா மரை வத்தல் போடுவதைப் பார்த்திருக்கிறேன், அதே முறையில் மகள் மூஸ் வத்தல் போட்டாள், வெயிலுக்குப் பதில் உலர்த்தும் பெட்டி. சொந்தக்காரருக்குக் கொடுக்கலாம், விற்பது குற்றம்.

கடைசியாக வேட்டை அறிக்கை. டாக் எடுத்தவர்கள் மூஸ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், காட்டுக்கே போகாவிட்டாலும், கடைசித் தேதிக்குள் நிரப்ப வேண்டும். போன வருஷம் எட்டு நாள் இருந்து ஒரு பெண்ணையும் கன்றையும் மட்டும் பார்த்துவிட்டு வந்தோம், எங்களிடம் இருந்தது ஆண் டாக். மகள் கணினியில் நிரப்ப நான் பக்கத்தில் இருந்து துவக்குகளுக்கு எண்ணெய் போட்டேன். எத்தனை நாள் என்ற கட்டத்தில் எட்டு என்று அடித்தாள். விண்ணப்பம் மறுபடி திறக்கும் நாளை அப்போதே நாட்காட்டியில் குறித்துவிட்டோம்.